மூணு நாள் அம்மை



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க என்று கேட்டபோது, நான் என்னத்தை எழுதப் போறேன் என்றுதான் முதலில் சொன்னேன். "பழைய தீர்மான நோட்டை எடுத்துப் பாருங்க, நம்ம சரித்திரம் எல்லாம் அதுலதான் இருக்கு" என்று தலைவி அக்கா சொன்னார். எடுத்துப் பார்த்தேன். 2017 பிப்ரவரி மாதக் கூட்டத்தின் பக்கத்தில் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் யாருக்கு, வராதவர்களுக்கு அபராதம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கிறது. கடைசி வரி என் கையெழுத்து: "எம்.ஆர். ஊசி பற்றிப் பேசப்பட்டது."

அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு மணி நேரம் நடந்த சண்டை இந்த நாலு வார்த்தைக்குள் அடங்கிப் போயிருக்கிறது. இருபது வருஷம் கழித்து இந்த நோட்டைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் அந்த நாலு வார்த்தையை விரித்து எழுதுகிறேன். கதை நம்ம ஊரில் தொடங்கவில்லை, கடல் தாண்டித் தொடங்குகிறது. ஆனால் எனக்கு அது எங்க அக்கா வீட்டிலிருந்துதான் தெரிய வந்தது.

கிரகணத்தின் மேல் போட்ட பழி

1995-ஆம் வருஷம் தீபாவளி சமயத்தில் ஒரு சூரிய கிரகணம் வந்தது, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது எங்க அக்கா மாசமாக இருந்தாள். தலைப்பிள்ளை. கிரகணத்துக்குச் சில வாரம் முன்னால் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கு மேலெல்லாம் சிவப்பாகத் தடிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது. லேசாகக் காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெரி கட்டின மாதிரி வீக்கம், முகத்தில் ஆரம்பித்து உடம்பெல்லாம் பொடிப்பொடியாய்ச் சிவப்பு. வேப்பிலை கட்டினோம். மூணாம் நாள் இறங்கிவிட்டது. ஆத்தா லேசா வந்துட்டுப் போயிட்டா என்று நிம்மதியாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அதோடு மறந்தும் போனோம்.

1996 சித்திரைக் கடைசியில் பையன் பிறந்தான். எடை கம்மி. இரண்டு கண்மணியிலும் பால் விட்ட மாதிரி வெள்ளை. மாமியார் வீட்டில், "கிரகணத்தப்போ இவ அரிவாள்மனைய எடுத்துக் காய் நறுக்கினா, நானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார்கள். அக்காவும் அதை நம்பினாள். தன் கையாலேயே தன் பிள்ளை கண்ணைக் கெடுத்துவிட்டதாக நினைத்து, அதற்குப் பிறகு பல மாதம் அரிவாள்மனையைத் தொடவில்லை.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு, அக்காவைக் கேட்ட முதல் கேள்வி கிரகணம் பற்றியது இல்லை. "மாசமா இருக்கும்போது ரெண்டு, மூணு மாசத்துல மேல தடிப்பு மாதிரி ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டார். அக்கா ஆமாம் என்றாள். இது ரூபெல்லா என்று அவர் விளக்கிச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அக்கா ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப நான் காய் நறுக்கினதால இல்லையா?"

"இல்லம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

பஸ் ஏறும்வரை அக்கா அழுதாள். பையனுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள், தடிமனான கண்ணாடி போட்டு ஓரளவு பார்க்கிறான். காது கேட்கவில்லை என்பது இரண்டு வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடித் தெரிந்துகொண்டேன். அதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு தாய்மார் பேசிய பேச்சு

1941-ஆம் வருஷம், உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் நார்மன் கிரெக் என்று ஒரு கண் டாக்டர். வயதானவர்களுக்கு வருகிற கண்புரை, பச்சைக் குழந்தைகளுக்கு வந்திருப்பதை அவர் பார்த்தார். ஒன்றிரண்டு என்றால் பரம்பரை என்று விட்டுவிடலாம். ஆனால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. அவருடைய ஆஸ்பத்திரியில் காத்திருந்த தாய்மார் இரண்டு பேர், மாசமாக இருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். அதற்கு முந்தின வருஷம்தான், 1940-ல், அந்த அம்மை ஆஸ்திரேலியாவில் பெரிய அளவில் பரவியிருந்தது.

கிரெக் மற்ற டாக்டர்களையும் விசாரித்து மொத்தம் 78 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்தார். அதில் 68 குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்தில் அந்த அம்மை வந்திருந்தது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில். நிறையக் குழந்தைகளுக்கு இதயத்திலும் கோளாறு இருந்தது. காது கேட்காமை பிறகு தெரிய வந்தது.

சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து போகிற ஒன்று, வயிற்றில் இருக்கிற பிள்ளையை இப்படிச் செய்யுமா என்று பலர் நம்பவில்லை. லண்டனில் வருகிற பெரிய மருத்துவப் பத்திரிகையே 1944-ல் நிரூபணம் போதாது என்ற மாதிரி எழுதியது. 1951-ல் ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளிவிவர நிபுணர் ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள்தொகைக் கணக்கில் காது கேளாதவர்கள் எந்தெந்த வருஷம் பிறந்தார்கள் என்று பார்த்தார். சில வருஷங்களில் மட்டும் எண்ணிக்கை மேலே ஏறியிருந்தது. அம்மை பரவிய காலத்தோடு அது பொருந்தியது. அதன்பிறகு சந்தேகப்பட இடமில்லாமல் போயிற்று.

பொம்பளைங்க நாலு பேர் கூடிப் பேசினால் வம்பு என்று சொல்வார்கள். அந்த இரண்டு தாய்மாரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர்கள் பேசிய பேச்சுத்தான் 55 வருஷம் கழித்து மதுரையில் எங்க அக்காவிடம் கேள்வியாக வந்து நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மன் டாக்டர்கள் முதலில் எழுதிவைத்ததால் அதற்கு ஜெர்மன் தட்டம்மை என்று பேர் வந்தது. ரூபெல்லா என்ற பேரை வைத்தவர் ஹென்றி வீல் என்ற ராணுவ டாக்டர், 1866-ல். லத்தீன் மொழியில் 'சின்னச் சிவப்பு' என்று அர்த்தம். அவர் அந்த நோய் பரவுவதைப் பார்த்தது எங்கே தெரியுமா? நம்ம இந்தியாவில்தான். பேர் பிறந்த நாட்டுக்கு ஊசி வர எத்தனை காலம் ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இது எப்படிப்பட்ட நோய்

நம்ம ஊரில் மேலில் தடிப்பு வந்தால் எல்லாவற்றையும் அம்மை என்போம். மணல்வாரி என்கிற தட்டம்மை வேறு, சின்னம்மை வேறு, ரூபெல்லா வேறு. ரூபெல்லா மூன்று நாளில் போய்விடும், அதனால் 'மூணு நாள் அம்மை' என்றும் சொல்வார்கள். பாதிப் பேருக்குத் தடிப்புகூட வராது. வந்தது தெரியாமலே வந்து போகும். இருமல், தும்மல் வழியாகப் பரவும்.

வந்தவருக்கு ஆபத்து பெரிதாக இல்லை. வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து. முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் பத்தில் ஒன்பது பிள்ளைக்குப் பாதிப்பு வரலாம். கண், காது, இதயம், மூளை எல்லாம் உருவாகிற காலம் அதுதான். கரு கலைந்தும் போகலாம், பிள்ளை இறந்தும் பிறக்கலாம். மாசமாக இருப்பதே சில பெண்களுக்கு அந்த நேரம் தெரிந்திருக்காது. வந்தபிறகு மருந்து கிடையாது. வராமல் தடுக்க ஊசி ஒன்றுதான் வழி.

ஒருமுறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆயுசுக்கும் திரும்ப வராது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி நின்றுவிடும். ஊசி இல்லாத காலத்தில் நெருக்கமான ஊர்களில் பெண்பிள்ளைகள் விளையாட்டு வயதிலேயே வாங்கித் தீர்த்துவிடுவார்கள். எல்லோரும் அல்ல. வயதுக்கு வந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால், நம் நாட்டில் பல இடங்களில் பத்தில் ஒருவர் முதல் மூன்று பேர் வரைக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்கிற பல ஏழை நாடுகளில் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற பெண்களில் யாருக்குக் காப்பு இருக்கு, யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பத்தில் ஒருத்திதான் எங்க அக்கா.

பெண்பிள்ளைகளுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

இந்த நோயின் கிருமியை 1962-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பிரித்தெடுத்தன. அதில் தாமஸ் வெல்லர் என்பவர், தன் சொந்த மகனுக்கு வந்த ரூபெல்லாவிலிருந்துதான் எடுத்தார். அடுத்து 1964, 65-ல் அமெரிக்காவில் நோய் பெரிதாகப் பரவியது. சுமார் 1 கோடியே 25 லட்சம் பேருக்கு வந்தது. ஏறக்குறைய 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தன. ஊசி கண்டுபிடிக்க வேண்டும் என்று அவசரம் பிறந்தது. 1969-ல் முதல் ஊசி வந்தது. ஸ்டான்லி பிளாட்கின் என்ற டாக்டர் உருவாக்கிய வகைதான் இன்றைக்கு உலகின் பெரும்பகுதியில் போடப்படுகிறது.

ஊசி கையில் வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. பாதிப்பு வயிற்றுப் பிள்ளைக்குத்தான். அப்படியானால் யாருக்குப் போடுவது?

பிரிட்டன் 1970-ல் பள்ளிக்கூடத்தில் 11 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு மட்டும் போட ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவும் 1971-ல் அதே வழிக்கு வந்தது. அமெரிக்காவோ ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் போட்ட நாடுகளில் பாதிப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஏன்? ஆண்பிள்ளைகளிடமும் சின்னக் குழந்தைகளிடமும் நோய் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி விட்டுப்போன ஒரு பெண் மாசமாகும்போது, வீட்டில் இருக்கிற சின்னப் பையனிடமிருந்தே அவளுக்கு வந்துவிடும். கடைசியில் பிரிட்டனும் 1988-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று மாறியது.

அப்படியென்றால் குழந்தைகளுக்குப் போட்டால் போதும்தானே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரீஸ் நாட்டில் 1970-களின் நடுவிலிருந்து குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள், ஆனால் பாதிக்கும் குறைவான பிள்ளைகளுக்குத்தான். அதனால் நோய் ஒழியவில்லை, வேகம் மட்டும் குறைந்தது. முன்பெல்லாம் ஐந்து, ஆறு வயதில் நோயை வாங்கிக் காப்பு பெற்றிருந்த பெண்பிள்ளைகள், இப்போது நோயும் வராமல் ஊசியும் இல்லாமல் இருபது வயதுக்கு வளர்ந்து நின்றார்கள். 1993-ல் நோய் திரும்பிப் பரவியபோது அவர்களைத்தான் பிடித்தது. அந்த நாட்டில் அதுவரை பதிவான கணக்கிலேயே அதிகமாக, 25 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தன.

நமக்கு இது புரியாத கணக்கு இல்லை. தவணையைக் கட்டாமல் தள்ளிப்போட்டால் கடன் தீர்ந்ததாக ஆகுமா? வட்டியோடு, கையில் காசு இல்லாத மாசம் பார்த்துத்தான் வந்து நிற்கும். அரைகுறையாகப் போட்ட ஊசி அப்படித்தான். போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும், குறைந்தது நூற்றுக்கு எண்பது பிள்ளைகளுக்காவது என்று உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் சொன்னது.

ஏழை நாடுகள் காத்திருந்த காலம்

இந்த எண்பதை எட்ட முடியாதோ என்ற பயத்தில்தான் பல ஏழை நாடுகள் ரூபெல்லா ஊசியைத் தொடவே இல்லை. காசும் ஒரு காரணம். எத்தனை குழந்தை பாதிக்கப்படுகிறது என்ற கணக்கே எடுக்காததும் ஒரு காரணம். கணக்கில் இல்லாத பிள்ளைக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? அப்படிக் காத்திருந்த காலத்தில் உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 1 லட்சம் குழந்தைகள் ரூபெல்லா பாதிப்போடு பிறந்துகொண்டிருந்தன என்பது மதிப்பீடு.

நம் நாட்டில் அரசாங்கம் 1985-லிருந்தே தட்டம்மை ஊசி போட்டு வந்தது. அதில் ரூபெல்லா சேர்த்தி இல்லை. காசு உள்ளவர்கள் தனியார் டாக்டரிடம் போய் மூன்று நோய்க்கும் சேர்த்த ஊசி போட்டுக்கொண்டார்கள். அதாவது, கிரீஸ் நாட்டு நிலைமை நம் ஊர்களிலும் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது.

கணக்கு எடுத்தவர்கள் நம்ம பக்கத்திலேயே இருந்தார்கள் என்பது எனக்குப் பெருமை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரையோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிபட்டதால் வந்த புரையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்றுக்குக் காரணம் ரூபெல்லா. அதே வருஷம்தான் எங்க அக்கா பிள்ளை பிறந்தான். ஊசி கண்டுபிடித்து 27 வருஷம் ஆகியிருந்தது.

2011-க்குப் பிறகு நிலைமை மாறியது. தட்டம்மை ஊசிக்குப் போகிற அதே ஆள், அதே ஐஸ் பெட்டி, அதே சிரிஞ்சு, அதிலேயே ரூபெல்லாவையும் சேர்த்துக் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தொடங்கும்போதே 9 மாதத்திலிருந்து 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மூச்சில் போட வேண்டும் என்றார்கள். அப்படிப் போட்டால் கிரீஸ் மாதிரி இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போகாது. 2013-ல் ஆப்பிரிக்காவில் ருவாண்டா தொடங்கியது. 2014-ல் வங்கதேசம் சில வாரங்களில் 5 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டது. இந்தியாவின் முறை 2017 பிப்ரவரியில் வந்தது. முதலில் தொடங்கிய ஐந்து இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. கர்நாடகா, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு மற்றவை. நாடு முழுவதும் 41 கோடிப் பிள்ளைகளுக்குப் போடுவது இலக்கு. நம் மாநிலத்தில் மட்டும் ஒன்றே முக்கால் கோடி.

நாலு வார்த்தைக்குள் இருந்த சண்டை

ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூடு ஆறாத நேரம் அது. வெளிநாட்டுக்காரன் சதி என்றால் எதையும் நம்புகிற மனநிலையில் எல்லோரும் இருந்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் சுற்றியது. இந்த ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுதாம், பிற்காலத்தில் குழந்தை பிறக்காதாம், நம்ம பிள்ளைகளை வைத்துச் சோதனை பண்றாங்களாம். பள்ளிக்கூடத்திலிருந்து ஊசி போடும் தேதி எழுதி அனுப்பியிருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். எல்லாம் தெரிந்த நானே முதல் நாள் என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. எட்டாம் வகுப்புப் படித்தாள். வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டேன். அக்கா பட்டது கண்முன்னால் இருந்தும், யாரோ முகம் தெரியாத ஆள் பேசினதை நம்பினேன். பயம் வந்தால் படிப்பு, அனுபவம் எல்லாம் ஒரு ஓரமாய்ப் போய்விடுகிறது.

அந்த வாரம் குழுக் கூட்டம். 14 பேரில் 11 பேர் வீட்டில் பிள்ளைகளுக்கு 15 வயதுக்குள் இருந்தது. சேமிப்பு கட்டி முடிந்ததும் ஒருத்தி ஆரம்பித்தாள், "நான் போட மாட்டேன், பொட்டப்புள்ள விஷயம், நாளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்லுவா?" இன்னொருத்தி, "அரசாங்கம் சும்மா குடுக்குதுன்னா அதுல ஏதோ இருக்கு" என்றாள். "ஏன், அங்கன்வாடியில முட்டை சும்மாதான குடுக்குது, திங்கலையா?" என்று மூன்றாவது ஆள். சத்தம் கூடிவிட்டது. கிராம சுகாதார செவிலியர் அம்மா வந்து விளக்கினார். இது புனேயில், நம் நாட்டிலேயே தயாராகிற ஊசி, எத்தனையோ நாடுகளுக்கு இங்கிருந்துதான் போகிறது, ஒருநாள் லேசாகக் காய்ச்சலோ கைவலியோ வரலாம், ஊசிக்குப் பயந்து சில பிள்ளைகள் மயங்குவது உண்டு என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். பாதிப் பேர் காதில் ஏறவில்லை.

எங்க அக்காவும் நம் குழுதான். அவள் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். அன்றைக்கு எழுந்து வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அப்போது அவனுக்கு 20 வயது. நம்ம ஊதுபத்தி யூனிட்டில் அட்டைப்பெட்டி மடிக்கிற பையன்தான், எல்லோருக்கும் தெரிந்தவன்தான். ஆனால் அவன் ஏன் அப்படிப் பிறந்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கிரகணம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

அக்கா பெரிதாகப் பேசவில்லை. "எனக்கு மூணு நாளு தடிப்பு வந்துச்சு, அவ்வளவுதான். அதுக்கு ஊசி இருந்துச்சாம், எனக்கு யாரும் சொல்லல. உங்களுக்கு வீடு தேடி வந்து சொல்றாங்க" என்றாள். பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. நான் என் மகளை வீட்டில் வைத்துக்கொண்டதை அப்போதுதான் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அடுத்த நாள் அவளை நானே கூட்டிப் போனேன். அரசாங்கம் மார்ச்சிலும் நாளை நீட்டித்தது. எங்கள் 11 வீட்டில் 9 வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகளும் சேர்த்துத்தான். இரண்டு வீடு கடைசிவரை சம்மதிக்கவில்லை. அந்த இரண்டு வீட்டுப் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்குப் போன தை மாசம் கல்யாணம் ஆயிற்று. மொய் எழுதிவிட்டு வரும்போது என் மனசு அதையேதான் நினைத்தது. மறுவாரம் அவள் அம்மாவிடம் போய்ப் பேசினேன். கேட்டுக்கொண்டாள். டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறாள்.

இன்னும் பாக்கி இருப்பது

நாடு முழுவதும் இந்த முகாம் 32 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளை எட்டியது. மேற்கு வங்கத்தில் 2023-ல்தான் நடந்தது. வழக்கமான தடுப்பூசி அட்டவணையிலும் இப்போது எம்.ஆர். சேர்ந்துவிட்டது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று. பக்கத்தில் இலங்கை 1996-லேயே ரூபெல்லா ஊசியைத் தொடங்கியது. அங்கே 11 வயதிலிருந்து 44 வயது வரையிலான பெண்களுக்கு முதலில் போட்டு, பிறகு குழந்தைகளுக்கும் கொண்டுவந்தார்கள். 2020-ல் இலங்கையும் மாலத்தீவும் ரூபெல்லாவை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அமெரிக்கக் கண்டம் இரண்டும் 2015-லேயே அந்த இடத்தை அடைந்துவிட்டன. உலகத்தில் வருஷத்துக்கு 1 லட்சமாக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 2019 வாக்கில் சுமார் 32,000 ஆகக் குறைந்தது என்று மதிப்பிடுகிறார்கள். குறைந்ததுதான், தீரவில்லை.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2017-ல் 15 வயது முடிந்திருந்தவர்களுக்கு அந்த ஊசி போடவில்லை. அதாவது, 2002 பிப்ரவரிக்கு முன்னால் பிறந்த நம் பெண்கள், நம் வீட்டுக்கு வந்திருக்கிற மருமகள்கள், பிள்ளை பெறுகிற வயதில் இருக்கிற பலர் அந்த முகாமில் சேரவில்லை. அதற்குப் பின் பிறந்தவர்களிலும் நம் குழுவின் இரண்டு வீடு மாதிரி விட்டுப்போனவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் காப்பு இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். ஊசி தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மாசமாக இருக்கும்போது போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே, இல்லையென்றால் ஒரு பிரசவம் முடிந்து அடுத்ததுக்கு முன்னால், டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. நகை, சீர், மண்டபம் என்று எத்தனையோ பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

பேரக்குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து இரண்டாவது எம்.ஆர். ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேரன்தானே, அவனுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். அவன் மூலமாகத்தான் அது மாசமாக இருக்கிற அவன் அத்தைக்கோ சித்திக்கோ போகும். குழுக்கடன் மாதிரித்தான் இதுவும். ஒருத்தர் கட்டாமல் விட்டால் சுமை வேறு யார் தலையிலோ விழும்.

கடைசியாக ஒன்று. ஒரு வீட்டில் பிள்ளை குறையோடு பிறந்தால், தாய் மேல் பழி போடுகிற வேலையை நம் குழுப் பெண்களாவது செய்யக்கூடாது. எங்க அக்கா ஒரு வார்த்தைக்காக அத்தனை மாதம் காத்திருந்தாள். மதுரை டாக்டரம்மா சொன்ன அந்த வார்த்தையை நாமும் சொல்லக் கற்றுக்கொள்ளலாம்: "உன் மேல ஒரு தப்பும் இல்ல."

தீர்மான நோட்டில் இடம் கம்மி. அதனால் அன்றைக்கு நாலு வார்த்தைதான் எழுத முடிந்தது.